தலைமடையில் ஒரு நாள்

வயல் செய்கிறவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயல்களில் தலைமடைக்காரன் நிம்மதியாகத் தூங்கலாம். கடைமடைக்காரன் தூங்க முடியாது. மேலே ஒருவன் வரம்பை உடைத்தாலும், குப்பையைக் கொட்டினாலும், தண்ணீரை மறித்தாலும் அதன் பலன் கடைசியில் இருப்பவனின் வயலில்தான் வந்து விடியும்.

நாங்கள் மூதூர்க்காரர்கள். இலங்கையின் மிக நீண்ட நதியான மகாவலி 335 கிலோ மீற்றர் ஓடி, எங்கள் ஊருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அந்தக் கணக்கில் இந்த நாட்டின் மிகப் பெரிய வாய்க்காலின் கடைமடைக்காரர்கள் நாங்கள். பெப்ரவரி மாத நீண்ட வார இறுதி ஒன்றில் நுவரெலியாவிலுள்ள உறவினர் வீட்டுக்குக் குடும்பத்துடன் போவதென்று முடிவானபோது, என் மனைவியின் தகப்பனார் ஒரேயொரு நிபந்தனைதான் விதித்தார்.

"மருமகன், வாவியும் பூந்தோட்டமும் புள்ளைகள் பார்க்கட்டும். எனக்கு இந்த ஆத்துத் தண்ணி எங்கயிருந்து வருகுது எண்டு ஒருக்காக் காட்டுங்க."

மாமாவுக்கு வயது எழுபத்தொன்று. அல்லைத் திட்டத்தில் ஐம்பது வருடங்களாக வயல் செய்தவர். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. வயலை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு, சாரத்துக்கு மேலே யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டு விட்டார்.

வாயிலில் ஒரு மனக்குறை

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் அதிகாலையிலேயே போய்விட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறி வந்து, மலை விளிம்பின் காட்சியை மறைத்து விடும். நாங்களும் ஸுபஹ் தொழுதவுடன் புறப்படுவதாகத்தான் திட்டம் போட்டோம். ஆனால் ஒன்பது வயது மகனுக்கு ஒரு காலுறையைக் காணவில்லை. இடியப்பப் பார்சல்கள் கட்டி முடியவில்லை. வேனும் குளிரில் இலேசாகக் கிளம்ப மறுத்தது. அம்பேவல, பட்டிப்பொல வழியாக மேலேறி வாயிலை அடையும்போது ஏழரை மணி தாண்டிவிட்டது. பட்டிப்பொல நாட்டிலேயே மிக உயரமான புகையிரத நிலையம் உள்ள இடம். அதற்கும் மேலே ஏறினால்தான் சமவெளி.

வழியில் வலைப்பாதைகளுக்கிடையே தொட்டுபொல மலை தெரிந்தது. ஏறத்தாழ 2,360 மீற்றர் உயரம். இலங்கையின் மூன்றாவது உயர்ந்த சிகரம். இரண்டாவது உயர்ந்த கிரிகல்பொத்தயும் இதே சமவெளியின் மறு ஓரத்தில்தான் எழுந்து நிற்கிறது.

நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பொலித்தீனும் பிளாஸ்டிக் உறைகளும் உள்ளே போகக்கூடாது. மனைவி விடியற்காலையில் எழுந்து லஞ்ச் சீட்டில் சுற்றிய பார்சல்களையெல்லாம் பிரித்துக் கடதாசியில் மாற்றிக் கட்டச் சொன்னார்கள். பிள்ளைகளின் பிஸ்கட் பக்கற்றுகளும் அப்படியே. பின்னால் வரிசை நீண்டது. கால் மணி நேரம் போயிற்று.

"இந்தக் காட்டுக்குள்ள ஒரு கடதாசி விழுந்தா உலகம் அழிஞ்சிருமா?" என்று மனைவி முணுமுணுத்தாள். நேரம் போகிறதே என்ற கவலையில் நானும் அவள் பக்கம்தான் இருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

புல்வெளியில் ஒரு விவசாயி

முதலில் கண்ணுக்குப் படுவது வெட்டவெளி. இலங்கையின் மலை என்றாலே தேயிலையும் காடும்தான் என்று எண்ணியிருந்த பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். முழங்கால் உயரப் புல் காற்றில் அலையலையாகச் சாய்ந்தது. நிழலான பள்ளங்களில் வெள்ளை வெள்ளையாக உறைபனி இன்னும் கரையாமல் கிடந்தது. புல்வெளியின் நடுவே தீவுகளைப் போலக் காட்டுத் துண்டுகள். குடையை விரித்ததுபோல் தலை தட்டையான கீன மரங்கள்.

சிங்களத்தில் இதற்கு மஹா எலிய என்று பெயர். பெரும் வெட்டவெளி என்பது பொருள். 1834ஆம் ஆண்டு இரண்டு ஆங்கிலேயப் படை அதிகாரிகள் இங்கு வந்து போன பின், அப்போது ஆளுநராக இருந்த சேர் ரொபட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, மூவாயிரம் ஹெக்டயருக்குச் சற்றே கூடிய பரப்பு. 1988இல் தேசியப் பூங்காவாகியது. 2010இல் நக்கிள்ஸ் மலைத்தொடர், சிவனொளிபாத மலைக் காடு ஆகியவற்றோடு சேர்த்து, மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

நான் இந்த விபரங்களையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணவில்லை. இருபது யார் பின்னால், பாதையோரமாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

கால் வலியோ என்று ஓடிப்போனேன். அவர் தன் சப்பாத்துக் குதிக்காலால் பாதையோரத்து நிலத்தை மெல்ல அமுக்கிக்கொண்டிருந்தார். கறுத்த மண். அமுக்க அமுக்கத் தண்ணீர் கசிந்து வந்து குதிக்காலைச் சுற்றித் தேங்கியது. காலை எடுத்ததும் மண் அதை மீண்டும் உறிஞ்சிக்கொண்டது.

"மருமகன், இஞ்ச மழ பெஞ்சி எத்தின நாள்?"

அவ்வழியே வந்த காவலாளியிடம் கேட்டேன். பத்து நாளாகத் துளியும் இல்லை என்றார்.

"பத்து நாள்! நம்மட வட்டையில பத்து நாள் தண்ணி நிண்டா மண் பாளம் பாளமா வெடிச்சிரும். இதப் பாருங்க, பஞ்சு மாதிரி வெச்சிக்கிட்டுக் கிடக்கு."

நான் புத்தகத்தில் படித்திருந்ததை அவர் காலால் கண்டுபிடித்து விட்டார். இந்தக் குளிரில் புல்லும் இலையும் விரைவாக உக்குவதில்லை. காலங்காலமாகப் படிந்து, நிலத்தின் மேலே கனத்த கறுப்புப் படையாகி விடுகின்றன. பெய்யும் மழையை அந்தப் படை உடனே ஓட விடாமல் பிடித்து வைத்து, சிறுகச் சிறுகக் கசிய விடுகிறது. காட்டுத் துண்டுகள் செய்வது இன்னொரு வேலை. பாதை அவற்றுக்குள் நுழைந்தபோது மேலே வெயில் இருந்தும் எங்கள் தலையில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. கோணல் மாணலான மரங்களில் நரைத்த தாடிபோலப் பாசி தொங்கியது. கடந்து போகும் மூடுபனியை இந்தப் பாசியும் இலையும் வடித்தெடுத்து நிலத்துக்குக் கொடுக்கின்றன. மழையே இல்லாத நாளிலும் இந்தக் காட்டுக்குத் தண்ணீர் வரும்படி உண்டு.

1873ஆம் ஆண்டிலேயே ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை வெட்டாமல் விட்டுவிட வேண்டும் என்று ஆங்கிலேய அரசுக்கு ஆலோசனை சொன்னார். மலைநாடெங்கும் கோப்பிக்காகக் காடழித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆலோசனை ஏற்கப்பட்டதால்தான் இந்தத் தலைமடை தப்பியது.

"தண்ணி நிண்டா என்ன நடக்கும் எண்டு நமக்குத் தெரியும்தானே" என்றார் மாமா, நடக்கத் தொடங்கியபடி.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. 2006 ஜூலையில் மகாவலியின் கிளையான வெருகலாற்றிலிருந்து நீர் எடுக்கும் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. சிறுபோகப் பயிர் வயலில் நின்றது. அந்த மதகைச் சுற்றி மூண்ட சண்டை, ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூருக்குள் வந்துவிட்டது. உடுத்த உடையோடு கந்தளாய்க்கு நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். மாமா அந்தப் போகத்தில் ஒரு மூடை நெல்லும் காணவில்லை. ஒரு மதகுப் பலகை ஓர் ஊரையே எழுப்பி நடக்க வைக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

உலகத்தின் முடிவில்

பாதை ஒன்பது கிலோ மீற்றர் சுற்றுப் பாதை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும். முதலில் சிறிய உலக முடிவு என்னும் விளிம்பு வரும். அங்கே நின்றபோது பள்ளத்தாக்கில் பாதி வெயிலும் பாதிப் பனியும் இருந்தன. "ஓடுங்க, பெரியதில் மூடப்போகிறது" என்று எதிரே வந்த ஒருவர் சொன்னார். எழுபத்தொரு வயதுக்காரரை எப்படி ஓடச் சொல்வது? பாறைப் படிகளில் அவர் கையைப் பிடித்து நான் இறங்க, நாங்கள் அவர் நடைக்கு நடந்தோம்.

பெரிய உலக முடிவை அடைந்தபோது பத்து மணிக்குப் பத்து நிமிடம். முன்னால் ஒன்றுமேயில்லை. பள்ளத்தாக்கு, மலை, வானம் எல்லாமே ஒரே வெள்ளைச் சுவர். பலர் ஏமாற்றத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வெள்ளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் உணரவில்லை, அதுதான் ஆபத்து. மத்திய மலைநாட்டின் தென்புறம் படிப்படியாகச் சரிவதில்லை. சுவர்போல ஒரேயடியாக விழுகிறது. இந்த இடத்தில் அந்த வீழ்ச்சி ஏறத்தாழ 870 மீற்றர். தெளிவான நாளில் பார்ப்பவனுக்கு வயிறு கலங்கும், தானாகவே பின்வாங்குவான். மூடுபனியில் அந்தப் பயம் வருவதில்லை. முன்னால் பஞ்சு மெத்தை விரித்திருப்பது போலத் தோன்றுகிறது. 2015 பெப்ரவரியில் ஒல்லாந்து நாட்டிலிருந்து தேனிலவுக்கு வந்த இளைஞர் ஒருவர், மனைவியைப் படம் பிடிப்பதற்காகப் பின்னால் காலெடுத்து வைத்து இங்கிருந்து விழுந்தார். நாற்பது மீற்றர் அளவு கீழே மரமொன்று தாங்கியதால் உயிர் தப்பினார். படையினர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார்கள். எல்லோருக்கும் மரம் கிடைப்பதில்லை.

நான் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுக்கத் திரும்பிய நேரத்தில் மகன் எச்சரிக்கைப் பலகையைத் தாண்டியிருந்தான். கல்லொன்றை எறிந்து அது விழும் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம்.

"மகன், நில்!"

மாமாவின் குரல். வயலில் எருமைகளை நிறுத்திப் பழகிய குரல். அவன் அப்படியே உறைந்து நின்றான். மாமா ஓடவில்லை, சத்தம் போடவுமில்லை. "திரும்பாத. அப்படியே பின்னுக்கு வா. ஒரு அடி… இன்னமொண்டு…" என்று மெதுவாகச் சொல்லி, எட்டும் தூரம் வந்ததும் சட்டைக் கொலரைப் பற்றி இழுத்தார். அதன் பிறகுதான் அவர் கை நடுங்குவதைக் கண்டேன். பேரனுக்கு ஓர் அடியும் விழவில்லை. ஆனால் அன்று மாலை வரை அவன் கையை அவர் விடவில்லை.

புறப்பட மனமில்லாமல் பாறையில் உட்கார்ந்து கடதாசிப் பார்சல்களைப் பிரித்தோம். குளிர்ந்த இடியப்பமும் சம்பலும் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அதற்கு முன் அறியவில்லை. பாதிச் சாப்பாட்டில் மகள் எழுந்து நின்று கையை நீட்டினாள்.

வெள்ளைச் சுவரில் ஒரு யன்னல் திறந்திருந்தது. அது மெல்லப் பெரிதாயிற்று. செங்குத்துப் பாறை, அதன் அடியில் தேயிலைத் தோட்டத்தின் பச்சை, தீப்பெட்டி அளவில் வீடுகள், அதற்கப்பால் அடுக்கடுக்காகத் தாழ்ந்து போகும் குன்றுகள், எல்லாவற்றுக்கும் அப்பால் வெயிலில் தகட்டைப்போல மின்னும் நீர்த்தேக்கம். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். சுப்ஹானல்லாஹ் என்று மட்டும் என் வாயில் வந்தது.

மாமா அந்த மின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நம்மட தண்ணியா, மருமகன்?"

"இல்ல மாமா. அது வளவை கங்கைப் பக்கம். தெற்கால போய் அம்பாந்தோட்டை மாவட்டத்தில கடலில விழும்."

"அப்ப நம்மட தண்ணி?"

நான் எங்களுக்குப் பின்னால், வந்த வழிக்கும் அப்பால் கையைக் காட்டினேன். இந்தச் சமவெளி ஒரு வீட்டுக் கூரையைப் போன்றது. ஒரு பக்கச் சரிவில் விழும் மழை பெலிஹுல் ஓயாவாகி வளவையில் சேர்கிறது. மறுபக்கச் சரிவுகளில் விழுவது அக்ர ஓயாவாகி, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்கு வருகிறது. இன்னொரு பக்கத்து நீர் பொகவந்தலாவைப் பக்கமாக இறங்கி, களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் தாகத்தைத் தீர்க்கிறது. அடுத்தடுத்து விழும் இரண்டு துளிகளில் ஒன்று கொட்டியாரக் குடாவுக்கும் மற்றது தென் கடலுக்கும் போகக்கூடும்.

பத்து நிமிடம் கூட இருக்காது. யன்னல் மூடிக்கொண்டது.

யாருடைய தண்ணீர்?

திரும்பும் பாதை காட்டுக்குள் இறங்கி பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவெல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் பெயர் அதற்கு. நாய்க் கூட்டத்தோடு மரை வேட்டையாடுவதும், யானைகளைச் சுடுவதும் அவருடைய பொழுதுபோக்கு. அன்று இந்தச் சமவெளியில் யானைகள் உலாவின. இன்று ஒன்றுகூட இல்லை. மரைகள் தப்பிப் பெருகியிருக்கின்றன. பல காலம் அழிந்துபோனதாகவே கருதப்பட்ட, இங்கேயே வாழும் தேவாங்கு வகையொன்றும் 2009இல் முதன்முறையாகப் படம் பிடிக்கப்பட்டது. விட்டு வைத்தால் திரும்பி வரக்கூடியவை சில உண்டு. யானையைப்போல வராமலே போய்விடுபவையும் உண்டு.

மரங்களிலும் அப்படித்தான். 1970களின் பிற்பகுதியிலிருந்து இக்காட்டின் மரங்கள் கூட்டம் கூட்டமாக நுனியிலிருந்து காய்ந்து சாகின்றன. பாதையோரம் எலும்புக்கூடுகளைப்போல வெளுத்து நின்ற மரங்களை எண்ணிக்கொண்டு வந்த மகள், ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டு விட்டாள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மஞ்சள் பூ முட்பற்றை ஒன்று புல்வெளிக்குள் பரவி, பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் புல்வெளியின் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கு விதையும் பயிரிட்டார்கள். அது நிறுத்தப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் அந்த நிலம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

நீர்வீழ்ச்சியின் அடியில் மாமா சட்டைக் கையை மடித்து, நீருக்குள் கையை விட்டார். உறைய வைக்கும் குளிர்.

"வாப்பா, இது நம்மட ஆறு இல்லையாமே. அந்தப் பக்கம் போறதாமே" என்றாள் மனைவி.

"ஆர்ர தண்ணியா இருந்தா என்ன மகள்? அங்கயும் ஒரு கடைமடைக்காரன் இருப்பான்தானே."

அதைச் சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே பெரிய மரை ஒன்று மனிதருக்கு அஞ்சாமல் நின்றது. வருகிறவர்கள் தின்னக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். உணவு வாசனைக்காகப் பொலித்தீனையும் விழுங்கி மரைகள் செத்த செய்திகள் வந்ததுண்டு. எத்தனை சோதனை இருந்தும் யாரோ கொண்டுவந்த டொபி உறைகள் புல்லில் மின்னின. மாமா குனிந்து அவற்றைப் பொறுக்கினார். மகனும் பொறுக்கினான். காலையில் முணுமுணுத்த என் மனைவி, ஒன்றும் சொல்லாமல் வெறும் கடதாசிப் பையைத் திறந்து பிடித்தாள்.

போகிறவர்களுக்கு

போக விரும்பும் குடும்பத்தினருக்குச் சில வார்த்தைகள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது, அந்நேரத்துக்கே அங்கிருங்கள். உணவைக் கடதாசியிலோ சாப்பாட்டுப் பெட்டியிலோ வீட்டிலேயே கட்டிக்கொண்டால் வாயிலில் மனக்கசப்பு வராது. வழுக்காத சப்பாத்தும், கம்பளிச் சட்டையும், மழைக்கோட்டும் அவசியம். வயதானவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அவர்கள் நடைக்கு நடவுங்கள். விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பனி மூடியிருக்கும்போது இன்னும் இறுக்கிப் பிடியுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்டு இறுகிய மண் தண்ணீர் பிடிக்காது.

ஊருக்குத் திரும்பி மூன்று வாரங்களில் அறுவடை முடிந்தது. சிறுபோகத்துக்கு முன் வழக்கம்போல வாய்க்கால் துப்புரவு செய்யும் சிரமதானம் நடந்தது. வழமையாக மாமா தன் வயலுக்கு நேரேயுள்ள துண்டை வெட்டிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து விடுவார். இம்முறை லுஹருக்கும் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன்.

எங்கள் வயலையும் தாண்டி, கீழே கடைசி வயல்காரனின் எல்லையில் நின்று, வாய்க்காலில் சிக்கியிருந்த பொலித்தீன் பைகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்துக்கொண்டிருந்தார். அந்த வயல்காரர் வெளியூரில் இருந்தார். அவருடைய துண்டை யாரும் தொட்டிருக்கவில்லை.

"இது நம்மட பங்கு இல்லையே மாமா" என்றேன்.

"ஓம், இல்லதான்" என்றார். குனிந்து அடுத்த பையை இழுத்தார். நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினேன்.